கோப்பேற்றும் முறைமை

ஒருவர் தம் எழுத்து பலர்க்கும் பயன்பட வேண்டுமென விரும்பினால், அதனைப் படியெடுத்துப் பிறர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தல் வேண்டும். பண்டு ஏடு பெயர்த்தெழுதுவோர் இத்தொண்டினைச் செய்தனர்; பின்னர் அச்சுக்கூடத்தார் செய்தனர்; இக்காலத்தில் வலைத்தளம் அதனைச் செய்து வருகின்றது. நம் மாணவருள் வலைப்பக்கம் எழுதக் கற்றோர் பலர். எழுதிய பக்கத்தைத் தம் கணினியினின்று சர்வருக்குப் பழுதின்றிக் கொண்டு சேர்க்கக் கற்றோர் சிலரே. முன்னதைக் கல்வியென்றும் பின்னதை வெறுங் கைவேலையென்றும் கருதுதல் இதற்குக் காரணமாகலாம். அக்கைவேலையில் நேரும் சிறு கவனக்குறைவு பலருடைய உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடும் என்பதை யான் பிழை செய்து கற்றேன். கற்றதனை இளைய மாணவர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கோப்பேற்றமாவது யாது?

வலைத்தளம் என்பது சில கோப்புகளின் தொகுதியே. எழுத்துள்ள பக்கங்கள், படங்கள், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நடைத்தாள்கள் ஆகியன அத்தொகுதியில் அடங்கும். இவை நம் கணினியில் இருக்குமளவும் நாம் மட்டுமே அவற்றைக் காணலாம். உலகத்தார் காண வேண்டுமாயின், அல்லும் பகலும் இயங்கிக் கேட்பார்க்குக் கேட்ட கோப்பினைத் தரும் மற்றொரு கணினியில் அவை இருத்தல் வேண்டும். அக்கணினியே சர்வர். நம் கணினியினின்று சர்வருக்குக் கோப்பினை அனுப்புதல் ஏற்றம் எனப்படும். சர்வரினின்று நம் கணினிக்குக் கொணர்தல் இறக்கம் எனப்படும்.

ஈண்டு ஓர் உண்மையை முதற்கண் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். புகைவண்டியில் ஒரு மூட்டையைப் பார்சலாக அனுப்பினால், அது போன பின்னர் நம் வீட்டில் இராது. கோப்பேற்றம் அத்தன்மையதன்று. அனுப்பிய கோப்பு நம்மிடத்தும் இருக்கும். அதன் படியொன்று சர்வரிலும் தோன்றும். அக்கணம் முதல் அவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள். நம்மிடத்துள்ளதைத் திருத்தினால் சர்வரிலுள்ளது தானே திருந்தாது. சர்வரிலுள்ளதை ஒருவர் திருத்தினால் அச்செய்தி நம் கணினிக்கு வாராது. இரண்டும் ஒன்றென மயங்குதலே இத்தொழிலில் நேரும் பிழைகளிற் பெரும்பாலனவற்றிற்குத் தாயாகும்.

2. நெறிமுறையின் வரலாறு

இரு கணினிகள் தம்முட் கோப்பினைக் கொடுத்து வாங்க வேண்டுமாயின், இன்ன சொல்லுக்கு இன்ன விடையென்னும் ஒழுங்கு அவற்றிடையே இருத்தல் வேண்டும். அவ்வொழுங்கினை நெறிமுறை என்பர். கோப்புப் பெயர்ச்சிக்கென அமைந்த நெறிமுறை எப்.டி.பி. என்பது. இதன் முதல் வரைவினை எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். அவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினின்று 1965இல் பட்டம் பெற்று வெளியேறிய முதல் அணியினர். பின்னர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றார். ஆங்கிருந்து 1971 ஏப்ரல் 16ஆம் நாள் அவர் வெளியிட்ட குறிப்பு, இணையநெறிக் குறிப்பு வரிசையில் 114ஆம் எண்ணினது. அக்காலத்தில் ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் பலவகையின. ஒவ்வொன்றும் தன் கோப்புகளைத் தனக்குரிய முறையில் வைத்திருந்தது. அவ்வேற்றுமைகள் பயன்படுத்துவோரை இடர்ப்படுத்தாதிருக்க ஒரு பொதுமுறை காண்பதே அவர் கருத்து.

அந்நெறிமுறை பலமுறை திருத்தப்பெற்று, 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்ட 959ஆம் குறிப்பில் நிலைபெற்றது. டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்கிய வைய விரிவலை பொதுமக்கட்கு அறிவிக்கப்பட்டதோ 1991இல். ஆதலின் எப்.டி.பி. வலைத்தளத்திற்கெனப் பிறந்ததன்று, தனக்கு 20 ஆண்டு மூத்த நெறிமுறையை வலைத்தளம் துணையாகக் கொண்டது. இம்மூப்பினால் விளைந்த நன்மையும் உண்டு, குறையும் உண்டு. அவற்றை முறையே காண்போம்.

3. இரு வாயில்கள்

எப்.டி.பி.யின் இயல்பை விளக்க ஓர் உவமை கூறுவேன். ஒரு பெரிய தானிய மண்டியை நினைமின். முன்வாயிலில் கணக்கப்பிள்ளை அமர்ந்திருப்பார். வந்தவர் யார், கொணர்ந்த சரக்கு யாது என வினவி விடை பெறுவார். மூட்டைகளோ அவ்வழியே செல்வதில்லை. பின்புறத்துக் கிடங்கின் வாயில் வழியே செல்லும். எப்.டி.பி.யிலும் அவ்வாறே பேச்சுக்கு ஓரிணைப்பும் சரக்குக்கு மற்றோரிணைப்பும் உண்டு. பேச்சு நிகழும் வாயிலின் எண் 21. பழைய முறையில் சரக்குக்கெனச் சர்வர் கொண்ட வாயிலின் எண் 20.

புதிதாகக் கற்பார் பலர்க்கு, "உள்ளே நுழைந்துவிட்டேன், கடவுச்சொல்லும் ஏற்கப்பட்டது, ஆயினும் கோப்புகளின் பட்டியல் வரவில்லை" என்னும் இடர் நேரும். காரணம் யாதெனின், கணக்கப்பிள்ளையோடு பேச்சு நடந்துவிட்டது. கிடங்கின் வாயில் திறக்கவில்லை. பழைய முறையில் சர்வரே திரும்பி நம் கணினியின் வாயிலைத் தட்டும். நம் கணினிக்கு முன்னுள்ள பயர்வால் என்னும் காவல், அழையாத விருந்தினரை உள்ளே விடாது. அதனால் 'பேசிவ்' என்னும் மற்றொரு முறையைக் கைக்கொள்வர். அதில் சர்வர், "இன்ன எண்ணுள்ள வாயிலைத் திறந்து வைத்துள்ளேன், அங்கு வருக" என அறிவிக்க, நம் கணினியே சென்று சேரும். பட்டியல் வாராதவிடத்து முதலில் நோக்க வேண்டுவது இவ்வமைப்பினையே.

கணக்கப்பிள்ளை கூறும் விடைகள் மூவிலக்க எண்களாக மென்பொருளின் மேற்பகுதியில் தோன்றும். மாணவர் பலர் அவற்றைப் பொருளற்ற எண்களெனத் தள்ளிவிடுவர். அங்ஙனம் தள்ளுதல் தவறு. முதல் இலக்கம் 2 ஆயின் செயல் முடிந்தது; 3 ஆயின் இன்னும் ஒன்று தர வேண்டும்; 4 ஆயின் இப்பொழுது இயலவில்லை, பின்னர் முயல்க; 5 ஆயின் இவ்வாறே திரும்பக் கேட்பதாற் பயனில்லை. 331 என்பது பயனர் பெயர் சரி, கடவுச்சொல் தருக என்பதாம். 230 என்பது உள்ளே வருக என்பதாம். 530 என்பது உள்ளே விடப்படவில்லை என்பதாம். 550 என்பது அக்கோப்பு இல்லை அல்லது அதன்மேல் நுமக்கு உரிமையில்லை என்பதாம். 226 என்பது பெயர்ச்சி முடிந்தது என்பதாம். இவ்வைந்தினையும் நினைவிற் கொண்டவர், பிறரை வினவாமலே பெரும்பாலான இடர்களின் காரணத்தைத் தாமே அறிவர்.

4. திறந்த அட்டையும் மூடிய உறையும்

இனி, மூப்பினால் விளைந்த குறையைக் கூறுவேன். எப்.டி.பி. தோன்றிய காலத்தில் வலையமைப்பில் இருந்தோர் சிலரே, ஒருவரையொருவர் ஐயுறவில்லை. ஆதலின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எவ்வகை மறைப்புமின்றி, அஞ்சலட்டையில் எழுதிய செய்திபோலச் சென்றன. இடையில் நின்று நோக்குவார் எவரும் அவற்றைப் படித்தல் கூடும். பல்லாயிரவர் ஒரே வலையமைப்பைப் பகிர்ந்துகொள்ளும் காலத்தில் இஃது எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

பின்லாந்தில் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இவ்வாறே கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அதனைக் கண்ட டாட்டு யிலோனென் என்னும் ஆராய்ச்சியாளர், 1995இல் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி நெறிமுறையை ஆக்கினார். அதன்வழிச் செல்லும் செய்தியனைத்தும் முத்திரையிட்ட உறையினுட் செல்வதை ஒக்கும். அதன்மேல் அமைந்த கோப்புப் பெயர்ச்சி முறையே எஸ்.எப்.டி.பி. என்பது. பெயரை நோக்கி இதனைப் பழைய எப்.டி.பி.யின் திருத்தமென மயங்கற்க; இது வேறொரு நெறிமுறை. இதற்குரிய வாயில் 22. பேச்சும் சரக்கும் அவ்வொரு வாயில் வழியே செல்லும். பழைய எப்.டி.பி.யையே டி.எல்.எஸ். என்னும் மறைப்புக்குள் வைத்து வழங்கும் எப்.டி.பி.எஸ். என்பதும் உண்டு. இவ்விரண்டில் ஒன்றையே கைக்கொள்ளுதல் அறிவுடைமை. 2021இல் பயர்பாக்ஸ், குரோம் என்னும் உலாவிகள் இரண்டும் பழைய எப்.டி.பி.யைத் தம்மிடத்தினின்று அறவே நீக்கிவிட்டன என்பதும் அறியத்தக்கது.

எஸ்.எப்.டி.பி. வழியே ஒரு சர்வரை முதன்முறை அணுகுங்கால், "இச்சர்வரை யான் முன்னர் அறியேன்; இதன் கைரேகை இது; நம்பலாமா?" என்று மென்பொருள் வினவும். சர்வரை நடத்துவோர் தந்த கைரேகையோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே இசைதல் வேண்டும். முன்னர் இசைந்த சர்வர் ஒருநாள் வேறு கைரேகை காட்டுமாயின், சர்வர் மாற்றப்பட்டிருக்கலாம்; அல்லது நடுவில் ஒருவர் அதன் வேடம் பூண்டு நிற்கலாம். இன்னதெனத் தெளியுமளவும் கடவுச்சொல்லைத் தாராதிருத்தல் நன்று.

5. செய்முறை

இப்பணிக்குரிய மென்பொருள்கள் பல. 2001இல் தோன்றிய பைல்சில்லாவும், 2000இல் தோன்றிய வின்எஸ்சிபியும் விலையின்றிக் கிடைப்பன; பின்னது விண்டோஸ் கணினிகட்கு மட்டும் உரியது. இரண்டிலும் திரையின் இடப்பாதி நம் கணினியையும் வலப்பாதி சர்வரையும் காட்டுமாறு அமைத்துக்கொள்ளலாம். இடம் நமது, வலம் சர்வரது. இதனை வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் தகும்.

முதலாவது, நான்கு செய்திகளைச் சேகரித்துக்கொள்க. அவையாவன: சர்வரின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல், வாயிலெண். இவற்றை உரிய கட்டங்களில் இட்டு இணைத்தால் வலப்பாதியில் சர்வரின் அடைவுகள் தோன்றும்.

இரண்டாவது, எதனையும் ஏற்றுமுன் வலப்பாதியில் உள்ள அனைத்தையும் நம் கணினியில் ஒரு புதிய அடைவுக்கு இறக்கி, அன்றைய தேதியை அதற்குப் பெயராக இடுக. இதனைச் செய்யச் சில நிமிடங்களே ஆகும். செய்யாது விட்டதனால் நேர்ந்ததைப் பின்னர்க் கூறுவேன்.

மூன்றாவது, வலப்பாதியில் உரிய அடைவினுட் செல்க. உலகத்தார் காணத்தக்க கோப்புகளுக்கெனச் சர்வரில் தனி அடைவொன்று இருக்கும். பல சர்வர்களில் அதன் பெயர் பப்ளிக் எச்.டி.எம்.எல். என்பது, சிலவற்றில் வேறு பெயர் இருக்கும். அதற்கு வெளியே வைத்த பக்கம், வீட்டுத் திண்ணைக்கு மாறாக உள்ளறையில் வைத்த விளக்குப்போல வழிச்செல்வார்க்குத் தோன்றாது.

நான்காவது, ஏற்றும் வரிசையை எண்ணுக. முதலிற் படங்களையும் நடைத்தாள்களையும் ஏற்றிப் பின்னர்ப் பக்கங்களை ஏற்றுக. இண்டெக்ஸ் என்னும் முகப்புப் பக்கத்தை இறுதியில் ஏற்றுக. முகப்பினை முதலில் ஏற்றினால், பெயர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே வருவார் படமற்ற பக்கங்களையும் முறிந்த இணைப்புகளையும் காண்பர்.

ஐந்தாவது, அதே பெயருள்ள கோப்பு சர்வரில் முன்னரே இருப்பின் மென்பொருள் நம்மை வினவும்: பழையதன் மேல் எழுதலாமா, நம்முடையது புதியதாயின் மட்டும் எழுதலாமா, அளவு வேறுபடின் மட்டும் எழுதலாமா, பெயர் மாற்றலாமா, விட்டுவிடலாமா என்று. அவ்வினாவைப் படியாமலே "எழுதுக, இனி வினவற்க" என்று விடையளிப்பாரே மிகப் பலர். மேலெழுதிய பழைய கோப்பு சர்வரிற் குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை. பெரும்பாலும் அன்றே மறைந்தொழியும்.

ஆறாவது, பணி முடிந்தபின் இணைப்பைத் துண்டிக்க. பலரும் பயன்படுத்தும் ஆய்வுக்கூடக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்தல், வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுச் செல்வதை ஒக்கும்.

6. பெயரும் உரிமையும்

நம் கணினியிற் செவ்வனே தோன்றிய பக்கம் சர்வரில் ஏறியபின் படமின்றித் தோன்றுதல் உண்டு. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது கோப்பின் பெயர். விண்டோஸ் கணினி ஆங்கிலப் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் பெயரில் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் சர்வரோ அவற்றை வேறாகக் கொள்ளும். பக்கத்தினுள் சிற்றெழுத்தாற் குறித்த படத்திற்குக் கோப்பில் பேரெழுத்தாற் பெயரிட்டிருப்பின், அப்படம் இல்லையென்றே சர்வர் விடை கூறும். ஆகலின் பெயர் முழுவதையும் சிற்றெழுத்திலேயே இடுதலும், நடுவில் வெற்றிடம் விடாமையும் நல்ல வழக்கமாம்.

இனி உரிமை. ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவர்க்கும் தனித்தனி உரிமை உண்டு. படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1 எனக் கொண்டு கூட்டி எழுதுவர். 644 என்பதில் உடையவர்க்கு 4உம் 2உம் சேர்ந்து 6. ஏனை இருவகையார்க்கும் படிக்கும் உரிமையாகிய 4 மட்டும். வலைப்பக்கத்திற்கு இது பொதுவாகப் பொருந்தும். அடைவினுள் நுழைதற்கு 1உம் வேண்டுதலின் அதற்கு 755 பொருந்தும். ஏதேனும் ஒரு பக்கம் திறக்கவில்லையெனின் உடனே 777 இட்டு எல்லார்க்கும் எல்லா உரிமையும் தந்துவிடுவாரும் உளர். அச்செயல் பூட்டு இறுகிவிட்டதென்று கதவையே கழற்றி வைப்பதற்கு நிகராம்.

7. எழுத்தும் உருவும்

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. படியெடுப்பவர் தாம் அறிந்ததெனக் கருதித் திருத்தும் இடத்திலேதான் மூலம் கெடுகின்றது. பழைய எப்.டி.பி.யிலும் இத்தகைய நல்லெண்ணத் திருத்தம் ஒன்றுண்டு. வரியின் முடிவைக் காட்டுதற்கு விண்டோஸ் 13, 10 என்னும் இரு பைட்டுகளை இடும். லினக்ஸ் 10 என்னும் ஒன்றையே இடும். எழுத்துக்கோப்பெனச் சொல்லி அனுப்பினால் நெறிமுறை இவ்வேற்றுமையைத் தானே மாற்றித் தரும். எழுத்துக்கு அது நன்மை. படத்தை அவ்வாறு அனுப்பினாலோ, படத்தின் நடுவே இயல்பாக வரும் 13, 10 என்பவற்றையும் வரிமுடிவெனக் கருதி 13ஐ நீக்கிவிடும், படம் பாழாகும். ஆதலின் படங்களை 'பைனரி' முறையிலேயே அனுப்ப வேண்டும்.

பி.என்.ஜி. என்னும் படவகையை வகுத்தோர் இத்தீங்கினை முன்னுணர்ந்தனர். அதன் ஒவ்வொரு கோப்பும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்னும் எட்டுப் பைட்டுகளுடன் தொடங்கும். 13, 10 என்பதனையும் பின்வரும் தனி 10ஐயும் அவர்கள் வேண்டுமென்றே அங்கு வைத்தனர். வழியில் வரிமுடிவு மாற்றப்பட்டிருப்பின் முதலெட்டுப் பைட்டுகளிலேயே அக்கேடு வெளிப்பட்டுவிடும். எஸ்.எப்.டி.பி. பொதுவாகக் கோப்பினை உள்ளவாறே அனுப்புதலின் இவ்விடர் அதில் அரிது.

தமிழ்ப் பக்கங்கட்கு வேறோர் இடரும் உண்டு. யூனிகோடு தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதியை ஒதுக்கியுள்ளது. 1992இல் கென் தாம்சன், ராப் பைக் ஆகியோர் வகுத்த யு.டி.எப். 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். 'அம்மா' என்னும் சொல் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறிகளால் ஆவது; ஆதலின் 15 பைட்டுகள். பக்கத்தின் தலைப்பகுதியில் "இஃது யு.டி.எப். 8" என அறிவியாதுவிடின், உலாவி அப்பதினைந்தனையும் வேறு முறையிற் படித்து, எவர்க்கும் விளங்காத குறிகளைக் காட்டக்கூடும். மாணவர், "ஏற்றும்போது கெட்டுவிட்டது" என்பர். கோப்பு கெடவில்லை, படிக்கும் முறை அறிவிக்கப்படவில்லை. யூனிகோடு பரவுமுன் எழுதப்பெற்ற தமிழ்க் கோப்புகள் டிஸ்கி முதலிய பிற முறைகளில் உள்ளன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி வரும் மதுரைத் திட்டத்தாரும் முன்னர் டிஸ்கி முதலிய பிற முறைகளில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாறினர். அத்தகைய பழங்கோப்புகளை ஏற்றுமுன் முறைமாற்றம் செய்து, ஒரு பக்கத்தையேனும் முழுதும் படித்துப் பார்த்தல் கடமையாம்.

8. சேர்ந்ததோ எனக் காண்டல்

அனுப்பியது வேறு, சேர்ந்தது வேறு. மென்பொருளின் அடிப்பகுதியில் காத்திருப்பன, தவறியன, நிறைவேறியன என மூன்று பட்டியல்கள் இருக்கும். மூன்றாவதை நோக்கி மகிழுமுன் இரண்டாவதை நோக்குக. பின்னர் இடத்தும் வலத்தும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுக. நடுவில் இணைப்பு அறுந்ததனால் பாதி ஏறிய கோப்பு, பெயரளவில் முழுக்கோப்பாகவே தோன்றும். அதன் அளவே அதனைக் காட்டிக்கொடுக்கும். அளவு ஒத்தலும் முதலடையாளமே. மிக வேண்டிய கோப்பாயின், ஏற்றியதனை வேறோர் அடைவுக்கு மீண்டும் இறக்கித் திறந்து பார்த்தல் நன்று.

இறுதியில் உலாவியிற் காண்க. உலாவி தான் முன்னர்க் கண்ட பக்கத்தைத் தன்னிடம் சேமித்து வைத்திருந்து பழையதையே காட்டுதலும் உண்டு. ஆதலின் தனிமறைவுச் சாளரத்திலோ, வேறொருவர் கைப்பேசியிலோ காணுதல் வேண்டும். ஆக்கியவர் கண்ணுக்குத் தோன்றாத குறை அயலார் கண்ணுக்கு எளிதிற் புலப்படும்.

9. ஒரு பிழையும் அதன் விலையும்

யான் முன்னர்ப் பயின்ற ஓரிடத்தில் தமிழ் மன்றத்தின் வலைத்தளத்தைக் காத்துவரும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆங்கு நெடுநாள் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற பெரியார் ஒருவர், ஊர்ப்பெயர்களைப் பற்றி 14 சொற்பொழிவுகள் ஆற்றியிருந்தார். எனக்கு முன்னிருந்த மாணவர்கள் அவற்றைக் கேட்டெழுதித் தட்டச்சுச் செய்து ஏற்றியிருந்தனர். என் கணினியிலிருந்த படியில் 11 சொற்பொழிவுகளே இருந்தன. இறுதி மூன்றும் வேறொருவர் தம் கணினியினின்று நேரே ஏற்றியவை. யான் அதனை அறியேன், அறிய முயலவுமில்லை.

ஒருநாள் மாலை முகப்புப் பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒவ்வொன்றாக ஏற்றச் சோம்பி, இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்குமாறு செய்யும் ஒத்திசைவு என்னும் கட்டளையைத் தேர்ந்தேன். "இடத்தில் இல்லாதவற்றை வலத்தில் அழிக்கலாமா?" என்ற கட்டத்தையும் குறித்தேன். வலத்தில் இருந்து இடத்தில் இல்லாத மூன்றும் அழிந்தன. கட்டளை பிழையின்றி நிறைவேறியதென மென்பொருள் அறிவித்தது. அது கூறியது மெய்யே. யான் ஏவியதை அது பிழையின்றிச் செய்தது.

நாற்பதாம் நாள் வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர், பன்னிரண்டாம் சொற்பொழிவு காணப்படவில்லையென எழுதினார். அதன் பின்னரே யான் அறிந்தேன். சர்வரை நடத்துவோரிடம் 7 நாளைய காப்புப்படியே இருந்தது. தட்டச்சுச் செய்த மாணவரின் கணினியோ பழுதுற்று விற்கப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் சொற்பொழிவை மட்டும் அப்பழைய மாணவரே முன்னர்த் தாளில் அச்சிட்டு வைத்திருந்தார். அதனை நிழற்படமெடுத்து அனுப்பினார். ஏனை இரண்டும் கிடைக்கவில்லை. ஆசிரியரைக் கேட்கலாமெனின், அவர் அதற்கு முந்திய ஆண்டே காலமாயினார்.

அச்சொற்பொழிவுகளில் அவர் தம் இளமையிற் கால்நடையாகச் சென்று கேட்டறிந்த சிற்றூர்ப் பெயர்களின் விளக்கங்கள் இருந்தன என்று கேட்டவர்கள் கூறுவர். அவ்விளக்கங்களைச் சொன்ன முதியோரும் இன்றில்லை. அவருடைய மகளாரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் சினவாது, "உள்ள பன்னிரண்டையாவது பத்திரமாக வைத்திருங்கள், தம்பி" என்றார். சினந்திருப்பின் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அன்று மாலை வலப்பாதியை ஒருமுறை இறக்கி வைத்திருந்தால் இவ்விழப்பு நேர்ந்திராது. மூன்று சொற்பொழிவுகளும் படங்களின்றி வெறும் எழுத்தாயிருந்தமையால், இறக்கச் சில நொடிகளே ஆகியிருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றை மூன்றாகத் தொகுத்துரைக்கலாம். மறைகுறியுள்ள வழியிலேயே அனுப்புக. ஏற்றுமுன் உள்ளதை இறக்கி வைக்க. ஏற்றியபின் அயலார் கண்கொண்டு சரிபார்க்க. இக்காலத்தில் வலைத்தளங்களை வெளியிட வேறு வழிகளும் உள. அவற்றிற் சில, பழைய படிகளைத் தாமே காத்துவைக்கும். எவ்வழியாயினும் இரண்டு இடங்கள் உள்ளன, இரண்டும் ஒன்றல்ல என்னும் உண்மை மாறாது.

மாணவ நண்பர்களே! மன்றத்தின் வலைத்தளமோ துறையின் வலைத்தளமோ நும் பொறுப்பில் வருமாயின், அதிலுள்ள கோப்புகளை நும்முடையனவென எண்ணற்க. அவை முன்னோர் நும் கையில் ஒப்புவித்தவை. நுமக்குப் பின் வருவாரிடம் நீவிர் ஒப்புவிக்க வேண்டியவை. பழைய மாணவர்களாகிய பெரியீர்! நும் காலத்துக் கட்டுரைகளும் சொற்பொழிவுகளும் நும் பெட்டியிலோ பழைய கணினியிலோ இருப்பின், அவற்றின் படியொன்றைக் கல்லூரிக்கு அனுப்புமின். மூலத்தை நும்மிடத்தே வைத்துக்கொள்ளுமின். ஒருவர் தாளில் அச்சிட்டு வைத்திருந்தமையாலன்றோ பன்னிரண்டாம் சொற்பொழிவு இன்றும் படிக்கக் கிடைக்கின்றது.